நடுவில் ஓர் இழுப்பு

சின்னவள் படியேறும்போது மணி மூன்று. நல்ல வெயில். அண்ணன் கதவைத் திறந்து, "வா, சாப்டியா?" என்று கேட்டான். ஒன்றுமே நடக்காத மாதிரி பேசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அம்மா போய் ஒரு மாதமாகிறது. வீட்டைக் காலி செய்யப்போகிறானாம், அம்மாவின் சாமான்களில் வேண்டியதை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். சின்னவளுக்குப் புடவை வேண்டாம், பாத்திரம் வேண்டாம். அம்மாவின் குரல் ஒன்று போதும். ஏனென்றால் கடைசியாக அவள் காதில் விழுந்த குரல் அப்படிப்பட்டது. அம்மா படுக்கையில் கிடந்தபோது அண்ணன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அதில் அம்மா பேசியது மூன்றே சொல்.

"சின்னவ எனக்கு வேணாம்."

அந்த ரோஷத்தில்தான் அவள் வராமலே இருந்தாள். சேதி கேட்டு விழுந்தடித்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு எப்படி வந்தது? நல்லதாக வேறு ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

வீட்டின் பின்பக்க அறைதான் அண்ணனின் ரெக்கார்டிங் ரூம். விளம்பரங்களுக்குக் குரல் பதிவது அவன் பிழைப்பு. சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு. கதவைச் சாத்தினால் நம் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். எதைப் பதிந்தாலும் கம்ப்யூட்டரிலும் பழைய ஸ்பூல் டேப்பிலும் ஒரே நேரத்தில் பதிவான். "டேப்ப வெட்டி ஒட்டினா தழும்பு தெரியும். கம்ப்யூட்டர்ல வெட்டினா பெத்தவளுக்கே தெரியாது" என்று பெருமை வேறு பேசுவான். அம்மா படுத்த பிறகு அவள் கட்டிலையே இந்த அறையில் போட்டு, தலைமாட்டில் மைக்கை வைத்து, அவள் பேச்சையும் அப்படித்தான் பதிந்திருந்தான்.

அந்த அறையில் நின்று, அம்மாவின் குரல் வேண்டும் என்றாள். எதில் வேண்டும் என்று அண்ணன் கேட்டதற்கு, டேப்தான் வேண்டும் என்றாள். அவன் முகம் சுருங்கியது. டேப் பூஞ்சை பிடித்துவிட்டது, அதில் இருந்ததெல்லாம் இரைச்சலும் ஆஸ்துமா இழுப்பும்தான், கம்ப்யூட்டரில் அத்தனையும் துடைத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அம்மா சின்ன வயதில் பேசியது போலவே இருக்கும் என்று அடுக்கினான். பென் டிரைவ் எடுத்து வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனான்.

அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

தைல வாசனை வந்தது. அம்மா நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம்.

பிறகு ஓர் இழுப்பு. ஓட்டை விழுந்த துருத்தி போல, விசிலும் கரகரப்புமாக. இரண்டு சொல் பேசினால் நடுவில் ஒன்று இப்படி இழுக்காமல் அம்மாவால் பேச முடியாது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். ஸ்பீக்கரைப் பார்த்தாள். அணைந்திருந்தது. மைக்கின் ஒயர் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

டேப் மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி மட்டும் ஒவ்வொரு இழுப்புக்கும் துள்ளி விழுந்தது.

அப்போதுதான் சின்னவளுக்குச் சுரீர் என்றது. அந்த மெசேஜில் இழுப்பு இல்லை. மூன்று சொல்லும் மடமடவென்று வந்தன. நூறு தடவை கேட்டு நூறு தடவை அழுதவளுக்கு இது எப்படி உறைக்காமல் போயிற்று?

மெஷினில் டேப் சுற்றிய ஒரு ஸ்பூல் மாட்டியிருந்தது. அதன் மேல் அண்ணன் கையெழுத்தில் 'அம்மா'. ஸ்பீக்கரைப் போட்டு ஓடவிட்டாள்.

"இந்த மருந்து... எனக்கு..." இழுப்பு. "வேணாம்டா."

மறுபடி இழுப்பு.

"சின்னவ... வந்தா போதும். அவள... வரச் சொல்லுடா."

அம்மா வேண்டாமென்றது மருந்தை, அவளை அல்ல. வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவு திறந்திருந்தது. அண்ணன் வாசலில் நின்றான். அவன் அவளைப் பார்க்கவில்லை, மெஷினையே பார்த்தான்.

"அத நான் போன வாரமே எரிச்சுட்டேனே" என்றான், யாரிடமோ சொல்வது போல.

"ஏண்ணா இப்படிப் பண்ணின?"

"பத்து வருஷம் அவள வச்சுப் பாத்து, பீ மூத்திரம் அள்ளிக் கொட்டினது நான். வாயத் தொறந்தா உன் பேச்சு. ஒரு நாளாவது, பெரியவன் எனக்கு வேணும்னு சொன்னாளா?"

கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆத்திரம் அதை விழுங்கிவிட்டது. அந்நியன் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம், ஒரே வயிற்றில் பிறந்தவனே நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஸ்பூலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

"கதவ மட்டும் சாத்தாம போ" என்றான் அவன், மிக மெதுவாக.

அவள் சாத்தவில்லை. ஆனாலும் தெருவில் கால் வைத்தபோது, பின்னால் உள்ளே எங்கோ ஒரு கனமான கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையிலிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது. போன் அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மன்னிப்புக் கேட்கிறான் போலிருக்கிறது, கேட்கட்டும் என்று காதில் வைத்தாள்.

முதலில் ஒன்றுமே இல்லை, பஞ்சு அடைத்த அறையின் அமைதிதான். அப்புறம் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது, உள்ளிருந்து.

பிறகு அம்மாவின் குரல்.

"பெரியவன்..."

நடுவில் ஓர் இழுப்பு. நீளமாக, நிதானமாக, வெட்டுப்படாமல்.

"எனக்கு வேணும்."