அரைத்து வைத்த வேர்

மயில்சாமி விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபோது அம்மி ஈரமாக இருந்தது.

விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. தை மாதத்து உறைபனி பள்ளங்கி மலைக்கிராமத்தின் பூண்டுப் பாத்திகள் மேல் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. மருந்து வேரை அரைக்க வேண்டியவன் அவன்தான். புருஷன் கையால் அரைத்தால்தான் பலிக்கும் என்று வைத்தியர் அழகுமலை சொல்லியிருந்தார். ஆனால் வேர் ஏற்கெனவே அரைபட்டு, பச்சை விழுதாக, அம்மியின் ஓரத்தில் உருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மருந்து ஊற்றும் சங்கு கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது.

"தமயந்தி, நீயா அரைச்ச?"

"நீங்கதானங்க அரைச்சீங்க?" போர்வைக்குள்ளிருந்து அவள் தூக்கக் குரலில் சொன்னாள். "ரொம்ப நேரமா சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே."

அவன் விழுதைப் பாலில் கரைத்தான். முதல் நாளே நேரம் தப்பக் கூடாது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். தமயந்தியைக் கட்டி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் மனைவி ராக்காயி இரண்டு பெண்களைப் பெற்றுப் போட்டுவிட்டு, போன வருஷம் மார்ச்சளி கண்டு இறந்துபோனாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் இரண்டும் தாண்டிக்குடியில் மாமன் வீட்டில் வளர்ந்தன. இந்தத் தடவை பையன்தான் வேண்டும் என்பதில் மயில்சாமி உறுதியாக இருந்தான். கரு தங்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு முன்பே உடம்பைப் பக்குவப்படுத்த வேண்டும் என்பது அழகுமலையின் வைத்தியம். சூடான உடம்பில் பெண்தான் தங்குமாம். அதனால் நாற்பத்தெட்டு நாள், விடியுமுன் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். ஈரச் சேலையோடு வந்து படுத்து, வலது மூக்கில் வேர்ப்பாலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. பூம்பாறையிலிருந்து தாண்டிக்குடி வரைக்கும் எத்தனையோ பெண்கள் அவரிடம் வேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இரண்டாம் நாளும் அம்மி ஈரமாக இருந்தது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் வேரை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அம்மிக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தான். பரணில் காயப் போட்டிருந்த பூண்டின் காரமும், அடுப்புப் புகையும், மண்சுவரின் ஈரவாடையும் சேர்ந்து தலையை அழுத்தின. ஒரு நிமிஷம் கண்ணயர்ந்திருப்பான். விழித்தபோது விழுது தயாராக இருந்தது. அவன் விரல் நகங்களுக்குள் பச்சை ஏறியிருந்தது.

நான்தான் அரைக்கிறேன், தூக்கத்தில் அரைக்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். அதை நம்பக்கூடத் தொடங்கினான். ஆனால் ஓடையில் நடந்ததற்கு அப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை.

கரையில் தட்டைப் புல் பனியில் விறைத்து நின்றது. தமயந்தி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தலையை நனைத்தாள். உதடு நடுங்கவில்லை. உடம்பைச் சுற்றி லேசாக ஆவி பறந்தது.

"குளிரலையா?"

"இல்லங்க. வெந்நி ஊத்துன மாதிரி இதமா கெடக்கு. நீங்க ஏன் இப்பிடி நடுங்குறீங்க?"

கம்பளி போர்த்திக் கரையில் நின்ற அவனுக்குத்தான் பற்கள் தந்தியடித்தன. கால்விரல்கள் மரத்திருந்தன. வீட்டுக்கு வந்து அடுப்பில் விறகை அள்ளி வைத்து, நெருப்புக்குள் கையை நீட்டுவதுபோல் உட்கார்ந்தும் குளிர் விடவில்லை. வெளியிலிருந்து வந்த குளிராக அது இல்லை. எலும்புக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தது. இரண்டு வாரத்தில் இருமல் தொடங்கியது. வலது மூக்கு எரிந்தது. ஒருநாள் துண்டில் மூக்கைச் சிந்தியபோது பச்சையாக ஏதோ ஒட்டியது. அவன் துண்டை அடுப்பில் போட்டான்.

தமயந்தியோ நாளுக்கு நாள் தெளிந்து வந்தாள். மருந்து வாங்கும்போது ஒரு தும்மல்கூட இல்லை. சங்கை அவள் மூக்கில் கவிழ்ப்பது அவனுக்கு நினைவிருக்கும். பிறகு பார்த்தால் அவள் முகம் ஈரமே இல்லாமல் இருக்கும்.

நாற்பதாம் நாள் கழிந்து, மறுநாள் காலையில் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் கொதித்தது. கண் திறந்தபோது மத்தியானமாகியிருந்தது. யூக்கலிப்டஸ் காட்டிலிருந்து இறங்கிய மூடுபனி சன்னலை அடைத்து, பகலை அழுக்குத் தண்ணீரின் நிறத்துக்கு மாற்றியிருந்தது. தமயந்தி துணி மூட்டையோடு வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்க ஆத்தா வீட்டுக்கு. ரெண்டு மணி பஸ்ஸு."

"மருந்து? இன்னைக்கி நாப்பத்தொண்ணு. ஒரு நாளு விட்டா…"

"எனக்கு மருந்து இல்லங்க." அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மொத நாள்ல இருந்தே எனக்கு ஊத்தல. அந்தக்காதான் சங்கை வாங்கிருவாக. 'ஒனக்கில்ல தாயி, நீ தூங்கு'ன்னு சொல்லுவாக."

"எந்தக்கா?"

"பேரு கேக்கலங்க. எப்பவும் ஈரச் சேலைதான். வலது மூக்குல மூக்குத்தி கிழிச்ச தடம் இருக்கு. இன்னைக்கி வெரசா வீட்டைவிட்டுப் போயிரச் சொன்னாக."

 அந்தத் தடம் யாருக்கும் தெரியாது. பிணத்தைக் குளிப்பாட்ட வந்த பெண்களுக்கு முன்னால் மயில்சாமியே மஞ்சளை அப்பி அதை மூடியிருந்தான்.

போன வருஷம் அதுவும் நாற்பத்தோராவது நாள்தான். ராக்காயி நெருப்பாய்க் கொதித்தாள். மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. ஓடைக்கு அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனான். திரும்பி வந்து தரையில் கிடத்தியபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இன்னைக்கி ஒரு நாளு விட்ருங்க மாமா. மூச்சு முட்டுது." நாற்பது நாள் வீணாகிவிடும் என்ற நினைப்பு ஒன்றுதான் அவனுக்கு இருந்தது. மார்பில் முழங்காலை ஊன்றி, தலையைப் பிடித்துத் திருப்பி ஊற்றினான். அவள் திமிறியதில் மூக்குத்தி அவன் கட்டைவிரலுக்கும் சதைக்கும் நடுவே சிக்கிக் கிழித்தது. சங்கு காலியாகும்வரை அவன் கையை எடுக்கவில்லை. அவள் எப்போது அசையாமல் போனாள் என்பதைக் கவனிக்கவும் இல்லை.

"ஏத்தா, போகாத!" என்று எழப் பார்த்தான். கால் நிற்கவில்லை. தமயந்தி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் செருப்புச் சத்தம் மூடுபனிக்குள் பத்தடிகூடப் போகாமல் அமுங்கியது.

தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அடுப்பு அணைந்திருந்தது. கதவிடுக்கு வழியே பனி உள்ளே ஊர்ந்து, தரையில் பரவி, அவன் தொடையைத் தொட்டது. தூரத்தில் பஸ் ஹாரன் ஒருமுறை கேட்டது.

பிறகு அம்மி.

கல்மேல் கல். மெதுவாக. அவசரமே இல்லாமல்.

அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காதைப் பொத்தினான். சத்தம் உள்ளங்கைக்குள் கேட்டது.

நின்றது.

தரையில் ஈரக் கால் ஒட்டிப் பிரியும் ஓசை. ஒன்று. இன்னொன்று. சேலையிலிருந்து சொட்டும் தண்ணீர்.

"மாமா."

அவன் உடம்பு தானாகத் தரையில் சரிந்தது. கை எழவில்லை. மார்பில் ஒரு முழங்கால் ஊன்றியது. பனிக்கட்டியின் கனம். குளிர்ந்த விரல்கள் தாடையைப் பற்றித் தலையை இடப்பக்கம் திருப்பின.

"விட்ரு ராக்காயி," அவன் கெஞ்சினான். "காச்சலா கெடக்கேன். இன்னைக்கி ஒரு நாளு விட்ரு."

"விட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமே மாமா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஊற்றினாள்.

எரிந்தது. மூக்கு, நெற்றி, தொண்டை. மூச்சு இழுத்த இடமெல்லாம் தண்ணீர். கண்ணுக்குள் பச்சை. கால் தரையை உதைத்தது. பிறகு அதுவும் நின்றது. சாவு வந்துவிட்டது என்று நினைத்தான். வரட்டும் என்று நினைத்தான்.

வரவில்லை.

கனம் விலகியது. ஈர முந்தானை அவன் முகத்தைத் துடைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது.

ராக்காயி தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள்.

வெளியே பூண்டுப் பாத்திகளின் வரப்பில் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக. அவனுக்கு முகம் தெரியாதவர்கள். கண்டாங்கிச் சேலை கட்டிய ஒருத்தி. கழுத்தில் ஜெபமாலை கிடந்த ஒருத்தி. தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மாறாத ஒரு சின்னப் பெண். எல்லோர் சேலையிலிருந்தும் ஓடைத் தண்ணீர் சொட்டியது. எல்லோர் வலது மூக்கிலிருந்தும் பச்சைக் கோடு ஒன்று உதடுவரை இறங்கியிருந்தது. வரிசை சரிவில் இறங்கி, மூடுபனிக்குள் போய், அதற்கப்பாலும் போனது.

"வாங்கக்கா," என்றாள் ராக்காயி, சங்கை நீட்டியபடி விலகி வழிவிட்டு.

முன்னால் நின்றவள் தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை ஓரடி நகர்ந்தது.