மூன்றாம் பெட்டி

எருத்தேன்பதிக்குக் கிழக்கே சந்தை கூடுகிற பொட்டலில் சைனுதீன் ராவுத்தரின் லாரி வந்து நின்றபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. லாரியின் மேல் கட்டியிருந்த ராட்டினப் பெட்டிகளைக் கண்டதும் கடலைக்காட்டில் குனிந்து நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ராட்டினக்காரன் கமால் மட்டும் லாரியை விட்டு இறங்கவில்லை. அவனிடம் வேலை பார்க்கும் நல்லமுத்து இரண்டு தடவை வந்து கதவைத் தட்டிய பிறகுதான், வேண்டாவெறுப்பாகக் காலைக் கீழே வைத்தான்.

ராவுத்தரின் பொருட்காட்சியைப் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வரை தெரியாதவர் கிடையாது. ஆளைத் தென்னையாகவும் பூசணியாகவும் காட்டும் கண்ணாடி வீடு, மோட்டார் சைக்கிள் சுவரில் சுற்றும் மரணக் கிணறு, மரக்குதிரை எல்லாம் பின்னால் சேர்ந்தவை. மூத்தது ராட்டினம். ராவுத்தருடைய அத்தா நெல்லியாம்பதித் தேக்கில் இழைத்துச் செய்தது. நான்கு கைகள், நான்கு பெட்டிகள். இரண்டு ஆட்கள் தள்ளினால் சுற்றும்.

அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு பெட்டியில் ஆள் ஏறினால் எதிர்ப்பெட்டியிலும் அதே பாரம் இருக்க வேண்டும். இறக்கும்போது முதலில் தடிக்கட்டையைச் செருகிச் சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் இறக்க வேண்டும். எதிரே ஏற ஆளில்லை என்றால் மணல்மூட்டை வைப்பார்கள். மூட்டை தூக்கச் சோம்பல்பட்டால், வேடிக்கை பார்க்கும் ஏழைப்பட்டவர்களில் யாரையாவது காசில்லாமல் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏறுகிறவர்களுக்கு ராட்டினக்காரர்கள் வைத்த பெயர் ‘கல்லு’. ‘ஒரு கல்லு ஏத்து’ என்று கமால் எத்தனையோ ஊரில் கூவியிருக்கிறான். ஏறுகிறவர்களும் ஓசியில் ஒரு சுற்றுக் கிடைத்த சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஏறுவார்கள்.

மத்தியானத்துக்குள் ராட்டினத்தை மாட்டி முடித்தார்கள். மாட்டியதும் வெறும் பெட்டிகளோடு சுற்றிவிட்டுப் பார்ப்பது வழக்கம். பாரம் சரியாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்.

முதல் தடவை, மூன்றாம் பெட்டி கீழே வந்து நின்றது.

இரண்டாம் தடவையும் மூன்றாம் பெட்டிதான்.

நல்லமுத்து அச்சுக்கு எண்ணெய் விட்டான். பெட்டியைக் கழற்றி வேறு கையில் மாட்டினான். எந்தக் கையில் மாட்டினாலும் அந்தப் பெட்டி மெதுவாக, யாரோ அப்போதுதான் ஏறி உட்கார்ந்ததுபோல லேசாக ஆடிக்கொண்டே கீழே வந்து நின்றது. மழையில் மரம் தண்ணீர் குடித்திருக்கும் என்றார் ராவுத்தர். எதிரே ஒரு மணல்மூட்டை வைத்துச் சமாளிக்கச் சொன்னார்.

கமால் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பலகையில் கடலைக்காய்த் தோல் கிடந்தது. காய்ந்த தோல் இல்லை. மண் ஒட்டிய, ஈரம் காயாத பச்சைத் தோல்.

தோலை எடுத்து முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையை அவன் மறக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, இதே பொட்டல், இதே நோம்பி. இடத்துக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர் பொங்கியண்ணனின் மனைவி செல்லாத்தாள் ராட்டினம் ஏற வந்தாள். வேறு யாரோடும் உட்காரமாட்டேன் என்றாள். மணல்மூட்டை தூரத்தில் கிடந்தது. பக்கத்தில் காட்டுவேலை முடித்து, மடியில் பச்சைக் கடலையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பூவாத்தாள் என்று பெயர், பதினெட்டு வயதிருக்கும். ‘ஏ புள்ள, ஏறு’ என்றான் கமால். அவள் நம்பமுடியாமல் ஒரு தரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் பெட்டியில் ஏறினாள். டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் குறுக்கே சங்கிலி மாட்டுவது. கல்லுக்கு யார் மாட்டுகிறார்கள்?

இரண்டாவது சுற்றிலேயே செல்லாத்தாளுக்குத் தலை சுற்றியது. இறக்குடா, இறக்குடா என்று பொங்கியண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கமால் பதறிப்போய்த் தடிக்கட்டையைச் செருகாமலே அந்த அம்மாளை இறக்கிவிட்டான். இந்தப் பக்கம் பாரம் இறங்கியதும் உச்சியிலிருந்த மூன்றாம் பெட்டி தலைகுப்புறப் பாய்ந்து வந்தது.

பூவாத்தாள் பெட்டிக்கு முன்னாலேயே தரைக்கு வந்துவிட்டாள்.

விசாரிக்க வந்த ஏட்டிடம், டிக்கெட் இல்லாமல் திருட்டுத்தனமாக ஏறிவிட்டாள் என்று கமால் சொன்னான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் வாயில் அவனாகவே வந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய தாய் முத்தாத்தாள், பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவனைக் கும்பிட்டாள். “எம்புள்ள தப்புப் பண்ணிருச்சுங்க சாயபு. மன்னிச்சுப்போடுங்க” என்றாள்.

அந்தக் கும்பிடுதான் இரண்டு வருஷமாக அவனைச் சோறு தின்னவிடாமல் செய்தது. வெட்கம் தாங்காமல் வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தான். விட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று பயந்து பேசாமல் இருந்தான்.

நோம்பியன்று சாயங்காலம் பொட்டல் நிறைந்துவிட்டது. பொங்கியண்ணன் நாற்காலி போட்டு ராவுத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்தாத்தாள் வந்தாள். கூடவே அவளுடைய இரண்டாவது மகள். அக்காளின் அதே முகம்.

“ஏனுங்க சாயபு, நல்லா இருக்கறீங்களா? ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயர்றனுங்க.”

சின்னவளுக்கு இரண்டு இடத்தில் சம்பந்தம் பேசி இரண்டும் முறிந்துபோனதாம். திருட்டு ராட்டினம் ஏறிச் செத்தவளின் தங்கச்சி என்று சொல்கிறார்களாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“நெசமாலுமே எம்புள்ள கேக்காமத்தான் ஏறுச்சுங்களா? அது கூச்சப்படற புள்ளைங்க.”

கமால் பொங்கியண்ணனைப் பார்த்தான். ராவுத்தரைப் பார்த்தான்.

“ஞாபகமில்லீங்கம்மா” என்றான்.

பின்னால் டொக்கென்று சத்தம் கேட்டது.

மணல்மூட்டை வைத்திருந்த முதல் பெட்டி உச்சிக்குப் போயிருந்தது. மூன்றாம் பெட்டி தரையில் இடித்து நின்றது. நாலு பேர் சேர்ந்து முதல் பெட்டியை இழுத்துக் கீழே கொண்டுவந்து தடி செருகி, இன்னொரு மூட்டை வைத்தார்கள். தடியை எடுத்ததும் மூன்றாம் பெட்டியே கீழே வந்தது. காசு கொடுத்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ஆளை ஏற்றிப் பாருங்கடா என்று ராவுத்தர் கத்தினார்.

மறுபடி முதல் பெட்டியை இழுத்துப் பிடித்து மூட்டைகளை இறக்கிய நல்லமுத்து சுற்றிலும் பார்த்தான். முத்தாத்தாளின் சின்ன மகள் மேல் அவன் கண் நின்றது. அவன் புது ஆள். பழைய கதை தெரியாது.

“ஏ புள்ள, வா. டிக்கெட் வேண்டாம். ஒரு கல்லு வேணும்.”

அந்தப் பெண் நம்பமுடியாமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அதே பார்வை.

“வேண்டாம்” என்றான் கமால். அவளுக்கு முன்னால் வந்து நின்றான். “நான் ஏர்றேன்.”

கமால் நல்ல கனமான ஆள். அவன் ஏறியதும் முதல் பெட்டி முனகியது. நல்லமுத்து தடியை உருவினான். கல்லுக்கு யார் சங்கிலி மாட்டுகிறார்கள்? யாரும் மாட்டவில்லை.

பெட்டி மேலே போயிற்று.

யாரும் தள்ளவில்லை. கிணற்றுவாளி போல நிதானமாகப் போயிற்று. கீழே நின்றவர்கள் ராட்டினத்தின் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

உச்சியில் காற்றே இல்லை. பெட்டி மட்டும் ஆடியது. கடலைக்காடு, கோயில், கூட்டம் எல்லாம் கீழே கிடந்தன. நேர்கீழே காலியான மூன்றாம் பெட்டி. அங்கிருந்து ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது.

கடலைக்காய் உடைக்கிற சத்தம்.

டக்.

டக்.

கமால் கண்ணை மூடிக்கொண்டான். இங்கிருந்து விழுந்தால் எப்படி விழுவோம் என்று அவனுக்குத் தெரியும். அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த நேரத்தில் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அத்தனை பேர் அண்ணாந்து பார்க்கும்போது ஒளிய இடமில்லை.

“முத்தாத்தாம்மா” என்று கத்தினான். “உங்க புள்ள திருடி ஏறலீங்க. நாந்தான் கூப்பிட்டேன். மணல்மூட்டைக்குப் பதிலாக் கூப்பிட்டேன். சங்கிலி மாட்டலீங்க. தடி போடலீங்க. ஏட்டுகிட்டச் சொன்னது பொய்ங்க.”

பொட்டலில் கோயில் மேளம்கூட நின்றுபோயிருந்தது. பொங்கியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி உட்கார்ந்தார். முத்தாத்தாள் அழவில்லை. சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள்.

பெட்டி இறங்கத் தொடங்கியது. பாயவில்லை, அங்குலம் அங்குலமாக, கைப்பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல இறங்கித் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நல்லமுத்து ஓடிவந்து தடிக்கட்டையைச் செருகினான். இறங்குங்கண்ணா, இறங்குங்க என்று பதறினான்.

கமால் எழப்போனான். எழ முடியவில்லை. வயிற்றில் ஏதோ குளிர்ந்து அழுத்தியது.

குனிந்து பார்த்தான். அவன் மடியில் இரண்டு பச்சைக் கடலைத் தோல்கள் கிடந்தன.

பெட்டிக்குக் குறுக்கே சங்கிலி மாட்டியிருந்தது.