கையுறையோடு திறக்கும் பை

கிருபாஷினியின் கை ஒரு நிமிடம் சும்மா இராது. வகுப்பில் பென்சிலை உருட்டும். பஸ்ஸில் புத்தகப் பையின் பட்டியை முறுக்கும்.

"கையை ஒரு இடத்திலை வைச்சிருக்க ஏலாதோ உனக்கு?" என்று அம்மா தேவமலர் நாள் தவறாமல் கேட்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவின் கையும் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், லூர்தம்மா அன்ரி ஓட்டிய காரில் முன்னால் உட்கார்ந்து, சீற் பெல்ற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் லூர்தம்மாவும் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். முன்பு சோபா உறை தைத்தார்கள். உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு, காயப்பட்டவர்களுக்கான முதலுதவிப் பைகள் தைக்கிறார்கள். ஓடர் கொடுக்க இருந்தவர்களுக்குச் சோதித்துப் பார்க்க அனுப்பிய மாதிரிப் பை இன்று திரும்பி வந்துவிட்டது.

"திறக்க நேரம் எடுக்குதாம்," என்றாள் அம்மா. "திங்கட்கிழமை திருத்திக் காட்டாட்டி ஓடர் வேறை இடத்துக்குப் போயிடும். பிறகு எங்கடை தையல் பகுதிக்குப் பூட்டுத்தான்."

"நான் மேசையிலை வைச்சுச் சட்டெண்டு திறந்தனானே," என்றாள் லூர்தம்மா. "சோதிச்சவை நித்திரையிலை திறந்திருப்பினம்."

அம்மா சிரிக்கவில்லை. "ஊரிலை சண்டைக்குள்ளை காயத்துக்குக் கட்டத் துணியில்லாமல் சீலை கிழிச்சனாங்கள், அக்கா. பை கையிலை இருந்தும் திறக்கேலாட்டி என்ன பிரயோசனம்?"

காருக்குள் எல்லோர் வாயிலிருந்தும் புகை போல மூச்சு வந்தது. லூர்தம்மாவின் காரில் ஹீற்றர் வேலை செய்வதில்லை. பின் இருக்கையில் கிருபாஷினி தடித்த கையுறையோடு குறுகி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திரும்பி வந்த அந்தப் பச்சை நிற மாதிரிப் பை.

அவளுடைய கை சும்மா இருக்குமா? மெல்லப் பையை எடுத்து, அதன் வாயை மூடியிருந்த சிப்பை இழுத்தாள். சிப்பின் சின்ன நாக்கு கையுறைக்குள் அகப்படவில்லை. மறுபடி இழுத்தாள். வழுக்கியது. மற்றக் கையால் முயன்றாள். அதுவும் சரிவரவில்லை.

"அம்மா, இதைத் திறக்கேலாது."

"கையுறையைக் கழட்டிப்போட்டுத் திற, பிள்ளை. இல்லாட்டிச் சும்மா இரு."

"அங்கை உக்ரைனிலையும் பனி கொட்டுதுதானே? அவையும் கையுறை போட்டிருப்பினமே?"

லூர்தம்மா காரைத் தெருவோரம் நிறுத்தினாள். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நாங்கள் சூடான தொழிற்சாலைக்குள்ளை வெறுங்கையாலை எல்லோ திறந்து பாத்தனாங்கள்," என்றாள் மெதுவாக.

கிருபாஷினி தன் குளிர்ச்சட்டையைக் காட்டினாள். அதன் சிப்பில் ஒரு சிவப்புக் கயிற்று வளையம் தொங்கியது. "பாலர் பள்ளியிலை ரீச்சர் எல்லாருக்கும் இப்பிடிக் கட்டிவிடுறவ. கையுறையோடை இழுக்கலாம்." கையுறையைக் கழற்றி, கயிற்றை அவிழ்த்துப் பையின் சிப்பில் கட்டி, மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தாள். சர்ரென்று பை வாய் திறந்தது.

"கையுறையைக் குடு, நான் ஒருக்கா," என்று லூர்தம்மா கையுறையைப் பறித்து மாட்டிக்கொண்டாள். சர்ர். "இன்னொருக்கா." சர்ர். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. அவள் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை அம்மா பையின் பட்டிக்கு எடுக்கும் நாடாவிலேயே பெரிய வளையம் தைத்துச் சிப்பில் மாட்டினாள். ஞாயிறு முழுக்கப் பையைப் பனியில் புதைத்து எடுத்துத் திறந்து பார்த்தார்கள்.

திங்கள் மாலை கிருபாஷினி யன்னலடியில் நின்று திரைச்சீலையின் நூலை இழுத்து இழுத்துப் பாதி ஓரத்தைப் பிரித்துவிட்டாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கடை பகுதிக்குப் பொறுப்பான போர்மன் நிக்கலஸ் இருக்கிறார் எல்லோ, கன்ரீன் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு திறந்து காட்டினவர். பையைப் பாக்க வந்தவை சிரிச்சுப்போட்டு ஓமெண்டுட்டினம்."

"ஓடர் எங்களுக்கோ?"

"எங்களுக்குத்தான்."

பிறகுதான் அம்மா திரைச்சீலையைப் பார்த்தாள். தையல் மெசினில் ஊசியை மாட்டி, திரைச்சீலையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதைத் தைச்சுத் தாறன்," என்றாள். "நாளைக்கு வேறை எதையாவது பிரி."