சலாதுக்குக் கட்டுப் போட்ட வடிவு

தனியாகப் பாண்டி ஆடியிருக்கிறீர்களா? ஆடாதீர்கள். தோற்கவே மாட்டீர்கள், அது உண்மைதான். ஆனால் "ஏய், கோட்டுல மிதிச்சிட்டே!" என்று சண்டை பிடிக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அது என்ன ஆட்டம்?

சண்முகவடிவு தினமும் அப்படித்தான் ஆடினாள். அவளுக்கு வயது பத்து. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவின் குசினி என்ற சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. அவளுடைய அப்பா ஆண்டியப்பன் பங்களாவின் சமையல்காரர். இந்தத் தோட்டத்துக்கு அவர்கள் புதிது. அம்மா பிள்ளைப்பேற்றுக்காகக் கினிகத்தேனைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்.

வெள்ளைக்காரர் ஆட்சி போய் நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. அந்தச் செய்தி இந்தத் தோட்டத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை போலும். துரையும் வெள்ளைக்காரர், துரைசாணியும் வெள்ளைக்காரி.

பங்களா மேட்டில் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் கீழே இருந்தன. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடி விளையாடுவார்கள். காலையில் பெரியவர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த இடம், சாயங்காலம் பிள்ளைகளுடையதாகிவிடும்.

வந்த புதிதில் வடிவு ஒருநாள் கீழே போய் நின்றாள். நாகலெட்சுமி என்ற பெண்தான் அங்கே தலைவி. அவள் வடிவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ பங்களாப் புள்ள. ஒன் சட்டை அழுக்காச்சுன்னா தொரசாணி எங்களத்தான் ஏசுவாங்க. நீ போ."

"ஏச மாட்டாங்க," என்றாள் வடிவு. ஆனால் அதற்குள் அவர்கள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் மேட்டிலேயே ஆடினாள். கீழே அவர்கள் சிரிப்பது மூடுபனிக்குள்ளே கேட்கும், ஆள்தான் தெரியாது. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம், ஊரெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கூட்டாளி போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூத்து நடந்தது.

அன்று மத்தியானம் பங்களாவுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அப்பா தோட்டத்துச் சலாது இலையைக் கழுவி, தக்காளியும் கேரட்டும் நறுக்கி, பெரிய தட்டில் அடுக்கினார்.

"பச்சை எலைய ஆடு திங்கும், மாடு திங்கும், அதுக்கப்புறம் தொரைமாரு திங்கிறாங்க," என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து, சலாதின் மேல் ஊற்றுவதற்காகக் கொழும்பிலிருந்து வந்த போத்தலை எடுத்தார். அதை அவர் 'சலாதுத் தண்ணி' என்றுதான் சொல்வார்.

மூடி இறுகிக் கிடந்தது. ஒரு திருகுத் திருகி, மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஈரக் கை. போத்தல் வழுக்கிக் கல் தொட்டியில் மோதிச் சுக்குநூறானது. எட்டிப் பிடிக்கப்போன அப்பாவின் வலது உள்ளங்கை கிழிந்தது.

சத்தம் கேட்டுத் துரைசாணி ஓடி வந்தார். அப்பா சட்டென்று கையைத் துணியில் சுற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

துரைசாணி உடைந்த போத்தலைப் பார்த்தார். "ஐயோ, டிரெசிங்! டிரெசிங் வேணும்! சீக்கிரம்!" என்று கத்திவிட்டு, விருந்தாளிகளுக்கு அறை தயாரா என்று பார்க்கப் போய்விட்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தத் தோட்டத்தில் டிரெசிங் என்றால் ஒன்றே ஒன்றுதான். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டால், அட்டை கடித்துப் புண்ணானால், டிஸ்பென்சரிக்குப் போய் மருந்து வைத்துக் கட்டுவார்களே, அதுதான் டிரெசிங். வேறொரு டிரெசிங் இருப்பது பச்சைப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

'கையை மறைச்சும் தொரசாணி கண்டுக்கிட்டாங்களே! எவ்வளவு நல்லவங்க!' என்று நினைத்தாள் வடிவு. அப்பா கூப்பிடக் கூப்பிட நில்லாமல் மேட்டிலிருந்து இறங்கி ஓடினாள்.

டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் மயில்வாகனம் ஐயா, நாகலெட்சுமியின் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடி விழுந்து நன்றாகச் சிராய்த்திருந்தது.

"டிரெசிங் குடுங்கய்யா!" என்று மூச்சிரைத்தாள் வடிவு. "தொரசாணி கேட்டாங்க. சீக்கிரம் வேணுமாம்!"

"ஆருக்குப் பிள்ளை?"

"அப்பாவுக்கு. கையக் கிழிச்சிக்கிட்டாரு."

அவர் பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் பொதிந்து கொடுத்தார். நாகலெட்சுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குசினிக்குத் திரும்பியபோது துரைசாணி அங்கே நின்றார்.

"டிரெசிங்ங்க தொரசாணி," என்று வடிவு பொட்டலத்தை நீட்டினாள்.

துரைசாணி பஞ்சைப் பார்த்தார். சலாதுத் தட்டைப் பார்த்தார். "இது என்ன? நான் சொன்னது சலாது டிரெசிங்! சாப்பிடும் டிரெசிங்!" என்று சிரிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அப்பாவின் கையில் சுற்றிய துணி சிவந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. முகம் பழுத்த தக்காளி மாதிரி ஆகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து, தானே அந்தக் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

கை சரி. சலாது? வடிவுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அந்தத் தண்ணிய எப்படிப்பா செய்யிறது?"

"கொழும்புலேருந்து வர்றது. உள்ள என்னா கெடக்குன்னு எனக்கே தெரியாது புள்ள," என்றார் அப்பா.

மேசையில் மூடி கிடந்தது. அதன் உட்புறத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வடிவு அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு. பிறகு இனிப்பு. அப்புறம் மூக்கில் சுள்ளென்று ஏறியது.

"புளிப்புக்கு வினாகிரி. இனிப்புக்குச் சீனி. மூக்குல ஏறுறது கடுகு. முட்டை வாசமும் அடிக்குது!"

"அடி என் ராசாத்தி!" என்றார் அப்பா.

இரண்டு முட்டைகளை அவித்து, மஞ்சள் கருவை மட்டும் எடுத்து மசித்தாள். கடுகை அம்மியில் அரைத்துச் சேர்த்தாள். உப்பு, சீனி போட்டாள். தேங்காயெண்ணெய் அந்தக் குளிரில் மெழுகாக உறைந்திருந்தது. அதை உருக்கி ஊற்றி வினாகிரியும் விட்டாள். கலக்கக் கலக்க எண்ணெய் மறுபடி வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டிற்று.

"போச்சு!" என்றாள். அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே யோசித்தாள். எண்ணெய் உறையும். பாலாடை உறையாதே!

மறுபடியும் இரண்டு முட்டை. இந்தத் தடவை எண்ணெயை விட்டுவிட்டுப் பாலாடையை ஊற்றினாள். வினாகிரியைச் சட்டென்று கொட்டினால் பால் திரிந்துவிடும் என்று சொட்டுச் சொட்டாக விட்டாள். குழகுழவென்று இளமஞ்சள் நிறத்தில் ஒரு கோப்பை தேறியது.

விருந்தாளிகள் ஓர் இலைகூட மிச்சம் வைக்கவில்லை. துரைசாணி குசினிக்கு வந்து, "நல்லது. ரொம்ப நல்லது," என்றார். கோப்பையின் அடியில் கொஞ்சம் மீதி இருந்தது.

ஆனால் தோட்டத்தில் செய்திக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? சாயங்காலம், மூடுபனி இறங்குமுன், வடிவு மேட்டில் வந்து நின்றதுமே பெரட்டுக்களத்திலிருந்து கூச்சல் எழுந்தது.

"டேய், டிரெசிங் நிக்கிது! சலாதுக்குக் கட்டுப் போட்ட புள்ள!"

எல்லாரும் சிரித்தார்கள். வடிவு குசினிக் கதவுக்குப் பின்னால் போய் விம்மி விம்மி அழுதாள். இத்தனை நாள் யாரும் கூப்பிடாமல் இருந்தது இதைவிடத் தேவலை என்று தோன்றியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் நாகலெட்சுமி இல்லை. தூரத்தில், லயத்துப் படியில், கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் யாரும் போகவில்லை. ஆட முடியாத தலைவியை ஆட்டம் மறந்துவிட்டது. விளையாடுகிறவர்களைத் தூரத்திலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று வடிவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"டிரெசிங் வருது, வழி விடுங்க!" என்று அழகன் என்ற பையன் கத்தினான்.

வடிவின் காது சுட்டது. ஆனாலும் நின்றாள். "ஆமா, சலாதுக்குக் காலு ஒடைஞ்சிருச்சு. சும்மா விட முடியுமா? அதான் ஓடுனேன்," என்றாள்.

அழகன் ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தத் தடவை வடிவுக்கும் சிரிப்பு வந்தது.

நாகலெட்சுமி அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னா, என்னைய வேடிக்கை பாக்க வந்தியா?"

"இல்ல. நான் செஞ்சது இது. தின்னு பாக்கிறியா?"

நாகலெட்சுமி கையை நீட்டி, படிக்குப் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கேரட்டைப் பிடுங்கினாள். மண்ணைப் பாவாடையில் துடைத்து, கோப்பையில் தோய்த்துக் கடித்தாள். முகம் எட்டுக் கோணலாகியது.

"அய்யே! புளிப்பு!"

வடிவின் முகம் வாடியது. கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"கொண்டா, கொண்டா, எங்க போற? ஒறைப்பு இல்லாம யாராச்சும் திம்பாங்களா?" என்று நாகலெட்சுமி உள்ளே நொண்டிப் போய், ஒரு பச்சைக் கொச்சிக்காயை நசுக்கிக்கொண்டு வந்து கலக்கினாள். மறுபடி தோய்த்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "இப்பத்தான் சாப்பாடு!"

இருவரும் ஆளுக்கொரு கேரட்டாகத் தின்றார்கள். "நீ ரெண்டு தரம் தோய்ச்சே!" "இல்ல, நீதான்!" என்று ஒரு சண்டையும் பிடித்தார்கள். கோப்பை காலியாகும்போது மூடுபனி லயத்து வாசல்வரை வந்துவிட்டது. வடிவு எழுந்தாள்.

"நாளைக்கும் என்னால ஓட முடியாது," என்றாள் நாகலெட்சுமி.

"ரொம்ப வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல." நாகலெட்சுமி தரையைப் பார்த்தாள். "நீ வருவேல்ல, வடிவு?"

"வர்றேன்," என்றாள் வடிவு.

மேட்டில் அப்பா விளக்கோடு வாசலில் நின்றார். "இருட்டிப் போச்சு. எங்க புள்ள போயிருந்த?"

"கூட்டாளி வீட்டுக்குப்பா," என்றாள் வடிவு. சொல்ல நன்றாக இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னாள்.