ஒரு லைஃப் பாக்கி

"ஒரு லைஃப்தான் பாக்கி இருக்கு. அதுக்குள்ள உனக்கு என்னா அவசரம்?"

துளசியிடம் அவள் அண்ணன் கோகிலன் கேட்ட கேள்வி இது. ஒரு நாள் கேட்டதல்ல. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அந்த வருஷம் முழுக்கக் கேட்டான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டே கேட்பான். வாய் திறந்து எதையும் கேட்டு வாங்கும் சுபாவம் அவளுக்குக் கிடையாது. நாற்காலிக்குப் பின்னால் நின்று, தேங்காய் எண்ணெய் மணக்கும் அவன் பிடரியைப் பார்த்தபடி காத்திருப்பாள்.

சுங்காய் பட்டணத்தைத் தாண்டி லோரி ரப்பர் தோட்டத்து மண்சாலையில் திரும்பியபோது, இத்தனை வருஷம் கழித்து, அந்தக் கேள்விதான் அவள் நினைவுக்கு வந்தது.

"அக்கா, இன்னிக்காவது அம்மா வருவாங்களா?" என்று கேட்டான் லோரியை ஓட்டிய ஸைஃபுல். ஈப்போவின் புந்தோங்கில் அவன் வாப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடை. கடைக்குச் சாமான் ஏற்றும் லோரி இது. "இல்ல, போன தடவை மாதிரி கோழிக்கூண்ட மட்டும் ஏத்திக்கிட்டுத் திரும்பணுமா?"

"வருவாங்க தம்பி."

"போன தடவையும் இதான் சொன்னீங்க லா. கோழிய எங்க வாப்பா ஆக்கியே முடிச்சிட்டாரு."

துளசி சிரிக்கவில்லை. அதே ஊர்ச் சிலிபினில் அவள் வேலை பார்க்கும் சலவைக்கடையில் மூன்றாவது முறையாக லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தோட்டத்தை விற்றாகிவிட்டது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடிக்க நாளைக் காலையில் இயந்திரம் வருகிறது. மற்ற குடும்பங்கள் எல்லாம் போய்விட்டன. போன வாரமே கரண்டையும் வெட்டிவிட்டார்கள். அம்மா நவமணி மட்டும் அசைய மறுக்கிறாள். இன்று அவளைக் கூட்டிப்போக முடியாவிட்டால், நாளை யாரோ முன்பின் தெரியாத ஆட்கள் கையைப் பிடித்து இழுத்து வெளியே போடுவார்கள்.

வானம் இருண்டுகொண்டு வந்தது. மணி நாலுதான் ஆகியிருக்கும். ஆனால் ரப்பர் மரங்களுக்கு அடியில் அந்திக்கருக்கல் போல இருந்தது. தகரம் பெயர்ந்த வீடுகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. எங்கிருந்தோ புளித்த ரப்பர் பாலின் வாடை வந்தது. பால் வெட்டு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அந்த வாடை மட்டும் போகவில்லை.

கடைசி வீட்டில் அம்மா இருந்தாள்.

சாமான்களெல்லாம் மூட்டை கட்டித் தயாராக இருந்தன. துளசிக்கு உயிர் வந்தது. அவளும் ஸைஃபுலும் ஒவ்வொன்றாக லோரியில் ஏற்றினார்கள். பாய், பானை, சாமி படங்கள், தையல் மெஷின். பின்பக்கத்து அறை மட்டும் சாத்தியே கிடந்தது. அம்மா அந்தக் கதவுக்கு எதிரே ஓர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா. மழை வரப் போகுது."

"இரு புள்ள. அண்ணன் விளையாடிக்கிட்டு இருக்கான். முடியட்டும்."

இதே பதில்தான் போன மாதமும்.

"கரண்டே இல்லம்மா."

"அவனுக்கு என்னா கரண்டு."

"அந்தப் பெட்டி செத்துப்போச்சு. ஈப்போவிலேர்ந்து ஆளக் கூட்டியாந்து காட்டலையா நான்? உள்ள எல்லாம் உளுத்துப்போச்சுன்னு அவன் சொன்னத நீயும் கேட்டியே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள்.

தோட்டத்து ஆபிஸில் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, கழித்துப் போட்ட பழையதை அங்கே கணக்கெழுதும் கிராணி, அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா அதை மாட்டுவண்டியில் சாமி வருவது போலக் கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஆயுத பூசையன்று அம்மா அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டிட்டாள். பெட்டி பழுப்பேறிப் போனாலும் அந்தப் பொட்டின் கறை இன்னும் போகவில்லை.

அதில் ஒரே ஓர் ஆட்டம் இருந்தது. கறுப்புத் திரையில் ஒரு சுரங்கம். நக அளவு மனிதன் ஒருவன் மஞ்சள் கற்களைப் பொறுக்கிக்கொண்டு ஓடுவான். சிவப்புப் பூச்சிகள் துரத்தும். இரண்டு பேர் மாறி மாறி விளையாடலாம். முதல் ஆள் எல்லா லைஃபையும் இழந்தால்தான் அடுத்த ஆளின் முறை வரும். துளசி நின்றுகொண்டே கற்றுக்கொண்டது அது: கோகிலன் செத்தால்தான் அவளுக்கு ஆட்டம்.

கோகிலன் சாகவே மாட்டான். அவ்வளவு கெட்டிக்காரன். எப்போதாவது அவள் முறை வரும் நேரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். அல்லது கரண்டு போய்விடும். ஒரு முறைகூட அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை.

கோகிலனின் பதினாறாவது வயதில் ஒரு மாலை, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவன் ரொட்டி வாங்க அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சுங்காய்க்குப் போனான். "தொடாத. வந்து முடிச்சிட்டுத் தரேன்" என்றான். பெரிய ரோட்டில் மரம் ஏற்றிவந்த லோரி அவனை அடித்தது. அவன் சடலம் வீட்டுக்கு வந்தபோதும் உள்ளே திரை எரிந்துகொண்டே இருந்தது. சின்ன மனிதன் காலைத் தூக்கியபடி உறைந்து நின்றான். மேல் மூலையில் லைஃப் ஒன்று. அதை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் இடி இடித்துக் கரண்டு போனது. ஆட்டமும் போனது. அன்றைக்கு அம்மா அழுதது, பிள்ளையை எடுத்த அன்றுகூட அழாத அழுகை.

ஆனால் தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

சாவு வீட்டில் யாரும் யாரிடமும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். சொன்னால் சாவு மறுபடி வீடு தேடி வரும் என்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது இது. அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் பாடை வாசலைத் தாண்டும்போது, மகனைத் தினமும் பள்ளிக்கு அனுப்பிய வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாய்யா."

பக்கத்தில் நின்ற பெண்கள் பதறி அவள் வாயைப் பொத்தினார்கள். பொத்தி என்ன செய்வது? காதில் விழ வேண்டியவனுக்கு விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு, கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அம்மா அந்தக் கதவின் முன் நின்று "போயிட்டு வாரேன்யா" என்று சொல்லாமல் படி இறங்கியதில்லை. அவள் போகும்போது வீட்டில் இருந்த துளசியிடம் சொன்னதில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார். துளசி பள்ளிக்கூடத்தை விட்டாள், வீட்டையும் விட்டாள். அம்மா மட்டும் கதவைக் காத்துக்கொண்டு இருந்தாள்.

மழை இறங்கியது. தகரக் கூரையில் கல்லை வாரிக் கொட்டியது போல் சத்தம்.

"அக்கா, பாதை சேறாயிரும். டயர் மாட்டிக்கிச்சின்னா நாமளும் இங்கதான் குடியிருக்கணும்" என்று வாசலிலிருந்து கத்தினான் ஸைஃபுல்.

துளசிக்குள் எதுவோ அறுந்தது. முப்பது வயதைத் தாண்டியும் தான் இன்னும் ஒரு நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பதாக அவளுக்குப் பட்டது. அம்மாவைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினாள்.

"அந்தப் பெட்டிய உடைச்சுப் போட்டாத்தான் நீ எந்திரிப்ப."

"துளசி, வேணாண்டி."

அறை இருட்டாக இருந்தது. தூசி வாடையோடு, சூடேறிய கம்பியின் வாடை. அதற்கும் அடியில் மெல்லிய தேங்காய் எண்ணெய் வாடை. அம்மா மண்ணெண்ணெய் விளக்குகூட ஏற்றி வைக்கவில்லை.

ஆனாலும் சுவரில் வெளிச்சம் ஆடியது.

நீல வெளிச்சம்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

துளசி கீழே பார்த்தாள். பிளக்கு தரையில் கிடந்தது. ஒயரை எலி பாதி தின்றிருந்தது.

திரையில் சின்ன மனிதன் ஓடினான். கற்களைப் பொறுக்கினான். பூச்சிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தப்பித்தான். மேல் மூலையில் லைஃப் ஒன்று. கீபோர்டில் அம்புக்குறிப் பொத்தான்கள் தாமாக அமுங்கி எழுந்தன. டக். டக். டக்டக். அந்த வேகம் அவளுக்குத் தெரிந்த வேகம். வளைவில் ஒரு நொடி தாமதித்துப் பிறகு பாயும் அந்தத் தந்திரம் அவளுக்கு மனப்பாடம்.

நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அதன் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

ஓட வேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை. பழகிய இடத்தில் போய் நின்றது. நாற்காலிக்குப் பின்னால்.

பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கு ஒரு தடவையாச்சும் குடுத்தியா?" என்றாள். "செத்தும் நீயே உக்காந்திருக்க. அம்மாவும் உனக்குத்தான். வீடும் உனக்குத்தான். நான் எத்தன நாள் நின்னுக்கிட்டே இருக்கிறது, அண்ணே?"

பொத்தான் சத்தம் நின்றது.

சின்ன மனிதன் நின்றான்.

மழைகூட ஒரு கணம் தூரமாகிப் போனது போல் இருந்தது.

பிறகு அவன் திரும்பினான். எந்தப் பூச்சியும் துரத்தாத பக்கத்திலிருந்து, பூச்சிகள் கூடி நின்ற பக்கமாக மெதுவாக நடந்தான். நேராக அவற்றின் வாய்க்குள் போனான்.

மூன்று சுரம் இறங்கி ஒலித்தது. கோகிலனின் கடைசி லைஃப் அணைந்தது.

திரை கறுத்தது. பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து விட்டு விட்டு ஒளிர்ந்தது.

பிளேயர் 2.

நாற்காலியின் மெத்தை மெல்ல மெல்ல மேலே எழுந்தது, யாரோ எழுந்து இடம் விட்டது போல. நாற்காலி கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கம் திரும்பியது.

துளசியின் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷம். கை தானாக நீண்டது. நாற்காலியின் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. உட்காரக் குனிந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னால் யாரோ நிற்கிறார்கள்.

அவள் பிடரியில் மூச்சு பட்டது. தேங்காய் எண்ணெய் வாடை. அவள் எப்படி நின்றாளோ அப்படியே, அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாக, தன் முறை வரும்வரை காத்துக்கொண்டு.

"உக்காராத."

கதவருகே அம்மா. குரல் காற்றுப் போல வந்தது. அவள் கண் துளசியைப் பார்க்கவில்லை. துளசியின் தோளுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காராதடி. நீ செத்தாத்தான் அடுத்தது அவன் முறை."

துளசியின் விரல் பொத்தானுக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. இறங்க வேண்டும் என்றுதான் அந்த விரல் துடித்தது. அதுதான் கொடுமை.

அம்மா உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வந்தாள். மகளின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். மூட்டையைவிட்டு எழ மாட்டாமல் கிடந்தவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ, துளசி தடுமாறிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்து விழுந்தாள்.

"போ. லோரில ஏறு."

"நீ?"

"ஏறுடி."

துளசி மழையில் ஓடி ஏறினாள். ஸைஃபுல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினான். இந்தத் தடவையும் ஆட்டம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"கரண்ட வெட்டிட்டாங்கன்னு சொன்னீங்களேக்கா" என்றான் அவன் சன்னலைக் காட்டி. "பின்னாடி ரூம்ல லைட்டு எரியுதே."

சன்னல் பச்சையாக மினுங்கியது. அணைந்தது. மினுங்கியது. மழைச் சத்தத்துக்கு நடுவே கீபோர்டில் ஒரே ஒரு பொத்தானை யாரோ தட்டும் ஓசை. டக். டக். டக். அவள் எங்கே, வரச் சொல் என்பது போல.

அம்மா வாசற்படியில் நின்றாள். பின்னறைக் கதவின் பக்கம் முகம் திரும்பியது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். உதடு பிரிந்தது.

உள்ளே தட்டும் ஓசை நின்றது.

யாரோ காதைக் கொடுத்துக் கேட்பது போல நின்றது.

லோரிக்குள்ளிருந்து துளசி அந்த உதடுகளையே பார்த்தாள். அம்மா முந்தானையை எடுத்தாள். சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துப் பற்களால் கடித்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பிறகு, சாவு வீட்டிலிருந்து போகிறவளைப் போல, திரும்பிப் பார்க்காமல், ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினாள்.