மேலே ஆள் இருக்கா

கட்டை வரவில்லை.

“சன்னாசி, அந்தக் கட்டையத் தள்ளுடா” என்று மாயாண்டி கேட்டது இது இரண்டாவது முறை. இரண்டு முறையும் மேலேயிருந்து “ம்” என்று பதில் வந்தது. பதில் வந்தால் பொருளும் பின்னாலேயே வரவேண்டும், அதுதான் வழக்கம். தோட்டத் துரையின் அமெரிக்கக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மாயாண்டி தலையைத் திருப்பிப் பார்த்தான். இறங்கும் பாரம் நெஞ்சில் உட்காராமல் தாங்க அவன் விலாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய ரப்பர் மரக்கட்டை கொட்டகைத் தூணில் சாய்ந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் மச்சினனின் வெறுங்கால்கள். அவை அசையவில்லை.

பயல் நின்றுகொண்டே கனவு காண்கிறான் என்று நினைத்துக்கொண்டான் மாயாண்டி. சிரம்பானிலிருந்து திரும்பியதிலிருந்தே சன்னாசி அப்படித்தான் இருந்தான்.

மலாயாவில் சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. துரைக்கு டிரைவர், மெக்கானிக் எல்லாம் மாயாண்டி ஒருவன்தான். அந்தக் காருக்குக் கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். ஆள் கை வைக்காமல் கியர் மாறுகிற வண்டியை லயத்துக் கூலிச் சனம் அதுவரை கண்டதில்லை. ‘முனி ஏறின வண்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளாக முனிக்கு உடம்பு சரியில்லை. மேடு வந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. லுக்குட்டில் இருக்கும் பட்டறைக்கு ஓட்டிப்போய் வழியில் நின்றுவிட்டால், வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய காட்டுக்காரர்கள் கையில் மாட்டவேண்டியதுதான். போன மாதம்தான் அந்த ரோட்டில் ஒரு லாரியைக் கொளுத்தியிருந்தார்கள். அதனால் கியர் பெட்டியை வீட்டிலேயே கழற்றி வை, பட்டறை ஆள் வந்து எடுத்துப்போகட்டும் என்று துரை சொல்லிவிட்டார். வீடு என்றால் மாயாண்டியின் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகை.

வண்டிக்கு அடியில் வேலை செய்கிறவனுக்கு மேலே நிற்கிறவனின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். முன்பு ஒருமுறை கையாளாக வந்தவன் சொல்லாமல் வெற்றிலை வாங்கப் போய்விட, ஜாக் வழுக்கி மாயாண்டியின் காது மடல் போனது. அதிலிருந்து அவன் இரண்டு சட்டம் வைத்திருந்தான். மேலே இருப்பவன் தன் கால் கீழே தெரிகிற இடத்தில்தான் நிற்கவேண்டும். கீழிருந்து என்ன குரல் வந்தாலும் உடனே ‘ம்’ கொட்டவேண்டும். சன்னாசி அதில் நன்றாகப் பழகிப்போயிருந்தான். சோறு தின்னும்போது யாராவது கூப்பிட்டால்கூட ‘ம்’ என்பான். மாயாண்டியின் பெண்டாட்டி முத்தாயி தன் தம்பியை அதைச் சொல்லியே கேலி செய்வாள்.

மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும், புகைக்கூடத்திலிருந்து வரும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும், பெட்டியிலிருந்து வடித்த எண்ணெயின் கருகல் நாற்றமும் ஒன்றாகக் கலந்து அவன் மூக்கில் ஏறின. எண்ணெய் சிவப்பாக இருந்தது. காலையில் அடைப்பானைத் திறந்தபோது அது பீய்ச்சி சன்னாசியின் இடது காலில் விழுந்து, கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரை சாயம் பிடித்துவிட்டது. “கழுவிட்டு வாடா, ஆட்டை வெட்டினவன் மாதிரி நிக்கிற” என்றான் மாயாண்டி. “ம்” என்றவன் கழுவப் போகவில்லை.

எல்லாம் தயாராக இருந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றியாகிவிட்டது. காரின் இரண்டு கதவுகளையும் திறந்து, குறுக்கே ஓர் உருட்டுக்கட்டையைச் செலுத்தி, முனைகளை எண்ணெய் டிரம்கள் மேல் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிறு, தரைத் தகட்டைப் பெயர்த்த ஓட்டை வழியாக இறங்கி கியர் பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்தது. கயிற்றின் மறுமுனை சன்னாசியின் கையில். மூன்று சுற்று இருந்தால் ஒரு பெண்பிள்ளைகூட அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

அதைக்கூட அவர்கள் பழகித்தான் வைத்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் மாயாண்டி வேலை முடிந்து வந்தபோது, அக்காவும் தம்பியும் இதே கொட்டகையில், இதே கட்டையில் கயிற்றைச் சுற்றி, கல் நிரப்பிய ரப்பர் பால் வாளி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். “மெதுவாக்கா, குலுங்கக்கூடாது” என்று தம்பி சொல்லிக்கொடுக்க, முத்தாயி நாக்கைக் கடித்துக்கொண்டு கயிற்றை விட்டாள். பெண்டாட்டிக்குத் தன் தொழில் மேல் ஆசை வந்துவிட்டதே என்று மாயாண்டிக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான். “மேலே ஆள் இருக்கா?”

“ம்.”

“கட்டை?”

“ம்.”

இதோ தள்ளிவிடுவான் என்று நம்பி போல்ட்டைத் திருகினான்.

இந்த ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் அப்போதும் அங்கேதான் இருந்தது. மாயாண்டியின் தம்பி திருநாவுக்கரசு காட்டுக்காரர்களோடு சேர்ந்து காட்டுக்குள் போனவன். அவன் சாகக்கூடாது என்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். துரையின் காரைத் தோட்டத்துக் கேட்டில் சோதிக்கமாட்டார்கள் என்பதால், ரேஷனுக்கு மேல் அரிசியை மாயாண்டி அதில் கொண்டுவருவான். முத்தாயி வடித்து உருண்டை பிடிப்பாள். சன்னாசி ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது வாளியில் வைத்துக் காட்டோரம் விட்டுவிட்டு வருவான். பிறகு போலீஸ்காரர்கள் சன்னாசியை விசாரணைக்கென்று சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். அவன் அங்கே இருந்தபோதுதான் இங்கே போலீஸ் லாரி வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆண் பெண் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். லாரிக்குள் ஓர் ஆள், மழைக்கோட்டுப் போட்டு, தலையில் சாக்கு மாட்டி உட்கார்ந்திருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அது யாரைப் பார்த்துத் தலையை ஆட்டியதோ அவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. மாயாண்டி முன்னால் வந்தபோது சாக்கு அவனை வெகுநேரம் பார்த்தது. ஆடவில்லை. குலசாமிதான் காப்பாற்றியது என்று நினைத்தான்.

சில நாளில் சன்னாசியும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தான். அதையும் குலசாமியின் கணக்கில்தான் எழுதினான். அன்றைக்குச் சாப்பிடும்போது சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. “நான் உன் மாதிரி இல்லடா. என்னையப் புடிச்சா ரெண்டு அடியிலயே நம்ம மூணு பேர் பேரையும் கக்கிருவேன்லா” என்று சொல்லிச் சிரித்தான். அவன் மட்டும்தான் சிரித்தான். முத்தாயி அள்ளிய சோற்றை மறுபடி பானையிலேயே போட்டாள்.

போல்ட் கழன்று வந்தது. பெட்டி ஒரு முனகலோடு எஞ்சினை விட்டுப் பிரிந்து கயிற்றில் ஆடி, அவன் நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஆட்டத்தை நிறுத்த இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். இரண்டு ஆள் பாரம். கை எடுத்தால் இடிக்கும். இடுப்புக்கு மேல் நகர முடியாது.

“கட்டையத் தள்ளுடா, சீக்கிரம்.”

“மச்சான், கயிற அக்கா புடிச்சிக்கும். நான் இந்தா வந்துர்றேன்.”

“இப்பவா? எங்கடா போற?”

“ம்” என்றான் சன்னாசி.

வெறுங்கால்கள் நகர்ந்தன. மண்ணில் ஒரு கால் தடம் மட்டும் சிவப்பாக விழுந்துகொண்டே போய் வீட்டு மூலையில் மறைந்தது. அந்த இடத்தில் மெட்டி போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. கயிறு ஒரு நூல்கூட இறங்கவில்லை. கைமாற்றிய விதம் அவ்வளவு சுத்தம்.

“முத்தாயி, உன் காலுக்குப் பக்கத்துல கட்டை இருக்கு பாரு. காலால தள்ளு புள்ள.”

“ம்.”

அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒன்று கேட்டால் ஒன்பது பேசுகிறவள். மாயாண்டிக்குப் பயம் வந்தது. காட்டுக்காரன் பயம் இல்லை, போலீஸ் பயமும் இல்லை. தன் வீட்டில், தன் பெண்டாட்டியின் காலைப் பார்த்து வந்த பயம்.

“எங்க போறான் அவன்?”

“வருவான்.”

அவள் கால்விரல்கள் ஈரமண்ணைக் கவ்விப் பிடித்திருந்தன. கட்டை கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கையெட்டும் தூரத்தில். லயத்துப் பக்கம் நாய்கள் குரைத்தன, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டன. லாரிச் சத்தம். பின்பக்கக் கதவு விழும் சத்தம். பூட்ஸ் சத்தம்.

“முத்தாயி, யாரு வர்றது?”

அவள் ஓடவில்லை. கத்தவில்லை. புருசனுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை சொல்லவில்லை.

பூட்ஸ் கால்கள் காரைச் சுற்றி நின்றன. நான்கு, ஆறு. நடுவில் இடம் விட்டன. அந்த இடத்தில் ஒரு மழைக்கோட்டின் விளிம்பு வந்தது. அதற்குக் கீழே வெறுங்கால்கள். பால்வெட்டுக்காரனுக்குப் பூட்ஸ் போட்டு நடக்க வராது. முகத்தை மூடியவர்கள் காலைப் பற்றி யோசிக்கவில்லை.

இடது கட்டைவிரல் சிவப்பு. கணுக்கால் வரை சிவப்பு.

பெரட்டுக் களத்தில் தன்னை வெகுநேரம் பார்த்தது இதுதான். அன்றைக்கு ஆடாமல் விட்டதும் இதுதான். தூக்கி வளர்த்த பயல். கல்யாணத்தன்று தன் தோளில் ஏறி உட்கார்ந்து வந்த பயல்.

மழைக்கோட்டு மடங்கியது. முழங்கால் மண்ணில் ஊன்றியது. கோணிச்சாக்கு ஒன்று காருக்கு அடியில் மெல்ல இறங்கி வந்தது. இரண்டு ஓட்டைகள். ஓட்டைக்குள் ஈரம்.

“நீ குடுக்கறேன்னு சொன்ன ஆளு இவன்தானா?” என்று பூட்ஸ் ஒன்று கேட்டது.

சாக்கு மேலும் கீழும் ஆடியது.

“சரி, வெளிய இழுக்க ஆளக் கூட்டிட்டு வர்றோம். நீ இங்கயே இரு.” பூட்ஸ்கள் லாரிப் பக்கம் திரும்பி நடந்தன. சாக்கு மட்டும் அங்கேயே குந்தியிருந்தது.

“சன்னாசி” என்றான் மாயாண்டி.

சாக்கு பேசக்கூடாது, தலையை மட்டும்தான் ஆட்டவேண்டும். ஆனால் கீழிருந்து குரல் வந்துவிட்டது. வருடக்கணக்கான பழக்கம்.

“ம்” என்றது சாக்கு.

“நான் உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லமாட்டேன்டா. அடிச்சாலும் சொல்லமாட்டேன். அன்னைக்குச் சாப்பிடும்போது விளையாட்டுக்குச் சொன்னேன்டா.”

“ம்.”

மேலே உருட்டுக்கட்டை கிரீச்சிட்டது. ஈரக்கயிறு மரத்தில் தேயும் சத்தம். பெட்டி இறங்கியது. அவன் முழங்கைகள் மடங்கின. துளியும் குலுங்காமல், ஒரே சீராக, வாளியை இறக்கிய மாதிரியே இறங்கியது. இரும்பின் குளிர் சட்டையைத் தொட்டது. மிச்சமிருந்த எண்ணெய் அவன் கழுத்துக் குழியில் சொட்டியது.

மெட்டிக் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

“முத்தாயி. போதும்.”

“ம்” என்றது மேலே.

மூச்சு பாதியில் நின்றது. விலா ஒன்று உள்ளே மடங்கியது. கத்த நெஞ்சில் காற்று இல்லை.

“சன்னாசி… போதும்டா.”

இரண்டு ஓட்டைகளும் பக்கத்தில் வந்தன. அவன் வாய்க்கு மிகப் பக்கத்தில். சரியாகக் கேட்டுக்கொள்ளத்தான் வந்தது போல.

“ம்.”

கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது.