புடலங்கொடியில் கட்டிய கல்

கல்லைக் காணவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் புடலம்பிஞ்சின் நுனியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட கல். பிஞ்சு சுருண்டுவிடாமல் நேராக நீள வேண்டும் என்று எல்லாரும் செய்கிற வேலைதான். கிருபையின் அம்மா ஊரான நாசரேத்தில் பந்தல் போட்ட வீடெல்லாம் இப்படிக் கற்கள் தொங்கும். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்த கல் விடிந்து பார்த்தால் இல்லை. கயிறு மட்டும் விறைப்பாக இறங்கி, கறுப்பு மண்ணுக்குள் போய் மறைந்திருந்தது. மற்றப் பிஞ்சுகளில் கட்டிய கற்கள் அப்படியே தொங்கின. சுற்றிலும் தோண்டிய தடம் எதுவும் இல்லை.

பிஞ்சு ராத்திரியோடு ராத்திரியாக நீண்டிருக்கும், பெருச்சாளி மண்ணைத் தள்ளி மூடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் வாளியைத் தூக்கினாள். இந்தத் தோட்டத்தில் அவள் பார்க்காத கோளாறா?

முத்தையாபுரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து மண்ணோடு மல்லுக்கட்டுதான். புதுத் துறைமுகத்தில் புருஷன் தேவபிரசாதத்துக்குக் கிடங்கு வேலை. வேலையோடு கிடைத்த வீடு. வீட்டுக்குப் பின்னால் வெள்ளை பூத்துக் கிடந்த உவர் நிலம். கீரை முளைத்த கையோடு ஓரம் கருகிச் சுருண்டது. கத்தரி நாற்று வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு விழுந்தது. தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. உப்பளத்தில் தோட்டம் போடுகிறவள் என்று தெருவே சிரித்தது.

அவள் விடவில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தெடுக்கச் சிப்பிகளை மலையாகக் குவித்து அழுகவிட்ட மேடு ஒன்று கடற்கரையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மாட்டுவண்டி பிடித்து, மழை கண்டு மழை கண்டு உப்பு இறங்கிப்போன அந்தக் கறுப்பு மண்ணை அள்ளிவந்து கொட்டினாள். தெருக்குழாயில் வரிசை நின்று நல்லதண்ணீர் பிடித்து ஊற்றினாள். அப்புறம் காய்த்ததே ஒரு காய்ப்பு! வெண்டை ஒடிக்க ஒடிக்க வந்தது. பந்தலைப் பாகலும் புடலும் மூடின. முதல் வெண்டைக்காயை அவள் சமைக்கக்கூட இல்லை. செடியடியில் நின்று பச்சையாகக் கடித்தபோது கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது இந்தத் தோட்டம் ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் விக்டோரியா துணி உதறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கயிற்றில் கட்டிய கல்லோடு கடலுக்குள் இறங்கி முத்துக்குளித்தவர்.

"என்னளா கிருபை, எல்லாத்தையும் குளிக்க எறக்கிவிட்டிருக்க போல? கல்லக் கட்டி, கயித்தக் கட்டி... இனி மூச்சப் புடிக்கது ஒண்ணுதான் பாக்கி!"

"முத்து கெடச்சா ஒங்களுக்குப் பாதி யக்கா. கெடைக்காட்டி புடலங்காக் கூட்டு."

விக்டோரியா சிரித்தபடியே மண்ணைப் பார்த்தாள். "நல்ல மண்ணா இருக்கே, எங்கன எடுத்த?"

கிருபை இடத்தைச் சொன்னாள். விக்டோரியாவின் சிரிப்பு நின்றது. உதறிய துணியைக் கொடியில் போடாமலே உள்ளே போய்விட்டாள்.

உச்சிவெயிலில் கிருபை பாகல் பறிக்க வந்தபோது காற்றே இல்லை. இலை அசையவில்லை. ஆனால் புடலையின் கயிறு அசைந்தது. முதலில் ஒரு நடுக்கம். பிறகு, திண்ணமாக, கீழ்நோக்கி ஒரு இழுப்பு. மேலே பந்தல் கிறீச்சிட்டது. அழுகிய சிப்பியின் நாற்றம் குப்பென்று ஏறி மூக்கில் அடைத்தது.

அவளுக்குப் பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. பாடுபட்டு வளர்த்த கொடி! கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துப் பதிலுக்கு ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள்.

கயிறு உடனே அடங்கிவிட்டது. யாரோ நிம்மதி அடைந்ததுபோல.

சாப்பிட உட்கார்ந்த தேவபிரசாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டான். "ஏளா, சோத்துலயே சிப்பி நாறுது. இதுல கயிறு வேற இழுக்குதுன்னு கத விடுத. நாளைக்கே ஆளு வச்சு மண்ண அள்ளி வெளிய போட்டுட்டு சிமெண்டுத் தளம் போடுதேன். துணி காயப்போடவாவது ஆவும்."

"மண்ணுல கைய வச்சா ஒங்க சோத்துல நான் மண்ண வைப்பேன்."

"நாளைக்குப் பாப்போம்." அவன் ரெண்டாவது ஷிப்டுக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெயில் தாழ்ந்ததும் விக்டோரியாவே வந்தாள். கொல்லைக்குள் கால் வைக்கவில்லை. அடுக்களையின் பின்வாசலிலேயே நின்றாள். கிருபை நடந்ததைச் சொன்னாள்.

"பதிலுக்கு இழுத்தியா?"

"இழுக்காம? என் கொடில்லா?"

"பாவி மட்ட." விக்டோரியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "கீழ போனவன் கயித்த இழுத்தா, தூக்குன்னு அர்த்தம். மேல தோணியில உள்ளவன் திருப்பி இழுத்தா, நான் புடிச்சிருக்கேன்னு அர்த்தம். அதுக்குப் பொறவு கைய விடக்கூடாது. அதான் மச்சினனக் கயிறு புடிக்கச் சொல்லுவாக. கூடப்பொறந்தவ தாலிய நெனச்சாவது விடமாட்டாம்லா? மச்சினன் இல்லாத ஆள்க கூலிக்கு ஆளு வச்சாக. அதுல எத்தன பேரு கயித்த விட்டுட்டு ஓடுனானுவளோ... கரையொதுங்குன பொணத்தையெல்லாம் அங்கனதான் பொதச்சாக. அந்த மேட்டுல அழுவுனது சிப்பி மட்டும் இல்லளா."

"இப்ப நான் என்ன செய்ய?"

"அரிவாள எடுத்துக் கொடிய அறுத்துரு. வீட்டப் பூட்டிட்டு ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு."

கிருபை திரும்பிப் பந்தலைப் பார்த்தாள். அறுத்தால் புடலை போகும். அவள் ஊருக்குப் போனால் நாளை மண்ணே போகும். மேலே சிமெண்டு.

"நான் எதுக்குப் போவணும்? கீழ கெடக்கது தூக்கத்தானே சொல்லுது? தூக்கி வெளிய விட்டுருதேன். அது போவட்டும்."

"வேண்டாம்ளா..."

"நீங்க போங்க யக்கா."

சூரியன் உப்பளங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்கடியில் பச்சை இருட்டு. காலையில் ஒரு கல்தான் காணாமல் போயிருந்தது. இப்போது ஒரு கல்லும் இல்லை. அத்தனை கயிறுகளும் நெட்டுக்குத்தாக நின்றன.

கிருபை சேலையை இழுத்துச் செருகினாள். முதல் கயிற்றைப் பிஞ்சிலிருந்து அவிழ்த்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

வந்தது. அவள் கட்டிய சணல் ரெண்டு முழம்கூட இருக்காது. வந்துகொண்டே இருந்தது. சணலுக்குப் பின்னால் தடித்த கயிறு, கறுத்து, ஊறி, பாசி பிடித்து, விரலிடுக்கில் உப்புத்தண்ணீர் வடிய வடிய வந்தது. காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. எங்கேயோ வெகு ஆழத்தில், அடக்கிய மூச்சு ஒன்று நெஞ்சுக்குள் முட்டுகிற ஓசை. அவளுடைய நெஞ்சா? இல்லை.

கை எரிந்தது. தோல் உரிந்தது. இழுத்தாள்.

கனம் கூடியது. ஒரு ஆள் கனம்.

விட்டுவிடலாம். ஓடிவிடலாம்.

"மாட்டேன்," என்றாள் உரக்க. "வா வெளிய!"

மண் வெடிக்கவில்லை. தண்ணீர் விலகுவதுபோல் விலகியது. முதலில் விரல்கள். வெளுத்து, ஊறிச் சுருங்கிய விரல்கள், கயிற்றை இறுகப் பற்றியபடி. பிறகு உச்சந்தலை. நெற்றி. திறந்த கண்கள். கண்களில் மணல்.

வாய் திறந்தது. எத்தனையோ காலம் அடக்கிய மூச்சு. பந்தலின் அத்தனை இலைகளும் புரண்டன.

"தூக்கிட்டேன்லா? போ. இது என் எடம்!"

அது அவளைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்தது. அதன் இன்னொரு கை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அந்தக் கையிலும் ஒரு கயிறு.

அது ஒரு தடவை இழுத்தது.

கீழிருந்து பதில் வந்தது.

கிருபையின் கணுக்கால் மண்ணில் இறங்கியது. முழங்கால். மண் குளிர்ந்திருந்தது. அலையடித்தது. அவள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவளைச் சுற்றி, வெண்டைப் பாத்தியிலும் பாகல் அடியிலும் வேலி ஓரத்திலும், வெளுத்த தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. எல்லா வாய்களும் மூச்சுக்காகத் திறந்திருந்தன. எல்லாக் கைகளும் அவள் பிடித்திருந்த அந்த ஒரே கயிற்றை நோக்கி நீண்டன.